கைபேசியில் தொடங்கி மனுவில் முடியட்டும்

"தம்பி, இந்த போனால எம்புள்ளைக்கு நல்லதா கெட்டதா, நீயே சொல்லு." எங்கள் காலனியில் நடக்கும் மாலைநேரப் படிப்பகத்தின் வாசலில் நின்று ஒரு தாய் இப்படிக் கேட்டார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் மிச்சம் பிடித்த காசில் மகனுக்கு அவர் வாங்கிக் கொடுத்த கைபேசி அது. மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இரவு ஒரு மணி வரை போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறதாம். அன்றைக்கு அவருக்கு என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சமூக வலைதளங்கள் வெறும் வீண்பொழுது என்று சொல்லிவிடுவது எளிது. பத்திரிகையும் மேடையும் ஒலிபெருக்கியும் தலைமுறை தலைமுறையாகக் கையில் இருந்தவர்கள் அப்படிச் சொல்லலாம். நம்மால் அப்படிச் சொல்ல முடியாது. நம் பாட்டன்மார் ஒரு தாளை அச்சடிக்க எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது வரலாற்றில் இருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்து நிமிர்ந்தார். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கி, 1914இல் மறையும்வரை விடாமல் நடத்தினார். அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழைக் கொண்டுவந்தார். 'ஊமைகளின் தலைவன்' என்பது அந்தப் பெயரின் பொருள். நம் செய்தியை மற்றவர்களின் ஏடுகள் போடவில்லை, ஆகவே நமக்கென்று ஓர் ஏடு வேண்டியிருந்தது.

இன்று அந்த அச்சுக்கூடம் ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் இருக்கிறது. ஆசிரியரின் தயவு வேண்டாம், முதலாளியின் காசு வேண்டாம். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அடித்தவர்களே அதைப் படம்பிடித்துப் பெருமையாகப் பரப்பினார்கள். அந்தக் காணொளியே நாட்டை உலுக்கியது. இனி செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று மக்கள் அதன் உடலைச் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் கொண்டுபோய்ப் போட்டார்கள். 2018 மார்ச்சில் வன்கொடுமை தடுப்புச் சட்டத்தை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று தளர்த்தியபோது, ஏப்ரல் 2 அன்று வடமாநிலங்கள் முழுக்க முழு அடைப்பு நடந்தது. அந்த அழைப்பு பெரிதும் கைபேசிகள் வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தில் 18ஏ பிரிவைச் சேர்த்துப் பழைய வலிமையை மீட்டது.

இந்த இரண்டிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செய்தி கைபேசிக்குள் தங்கிவிடவில்லை. அது தெருவுக்கு வந்தது, அலுவலகத்துக்குப் போனது, சட்டத்தில் எழுத்தானது.

நம் பக்கத்துக்கே வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு காலனியில் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. மழைக்காலத்தில் இடுப்பளவு சேற்றில், வயல் நடுவே பாடையைத் தூக்கிப் போவார்கள். அந்தக் காலனியில் பட்டப்படிப்பு படிக்கும் மாணவி ஒருத்தி தன் பெரியப்பாவின் இறுதிப் பயணத்தைப் படம்பிடித்தாள். முகநூலில் போட்டதும் ஆயிரம் பேர் பார்த்தார்கள், கண்ணீர்ப் பொம்மை போட்டார்கள், மறந்துபோனார்கள். அவள் மட்டும் விடவில்லை. தேதியையும் சர்வே எண்ணையும் எழுதி, படங்களை அச்செடுத்து இணைத்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்தாள். ரசீது வாங்கினாள். பதில் வராதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்டாள். ஏழு மாதம் கழித்து நில அளவையர் வந்தார். பாதை இன்னும் முழுதாகப் போடப்படவில்லை, ஆனால் கல் நட்டாகிவிட்டது. அந்தக் கல்லை அங்கே கொண்டுவந்தது அவள் கையில் இருந்த ரசீது.

இன்னொரு பையன் கதையும் எனக்குத் தெரியும். திருவிழா சமயத்தில் ஊர்த்தெரு இளைஞர்கள் சாதிப் பெருமை பேசி ஒரு ரீல்ஸ் போட்டார்கள். நம் பிள்ளைகள் பதிலுக்கு ஒன்று போட்டார்கள். அதில் வசனம் பேசியவன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வும் உடற்தகுதியும் தாண்டியவன். இரு தரப்பிலும் வழக்குப் பதிவானது. விசாரணை நிலுவையில் இருந்ததால் அவனுக்குப் பணி ஆணை வரவில்லை. எதிர்த்தரப்புப் பையன்களுக்கு வழக்குச் செலவுக்கு நிலம் இருந்தது. நம் பையனுக்கு இருந்தது அந்தத் தேர்வு எண் மட்டும்தான். முப்பது நொடி ரீல்ஸ், நானூறு லைக். அவன் அம்மா இன்னும் செங்கல் சூளைக்குப் போகிறார்.

கோபம் தவறா? இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து, கூடப் படித்தவர்களே வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, சாதியைக் காட்டும் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டத் தடை விதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் கயிறு இப்போது கையிலிருந்து அவிழ்ந்து கைபேசிக்குள் போய்க் கட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டேட்டஸில், பின்னணிப் பாட்டில், அரிவாள் படத்தில் அதைப் பார்க்கிறோம். அதற்குப் பதிலாக நாமும் ஒரு கயிறு கட்டினால், சாதியை ஒழிக்க வந்தவர்கள் சாதியை அலங்கரித்தவர்கள் ஆகிவிடுவோம்.

பதில் ரீல்ஸைவிட வலுவான ஆயுதம் நம்மிடம் இருக்கிறது. பொதுப் பார்வையில் பட்டியல் சாதியினரை இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமை தடுப்புச் சட்டப்படி குற்றம். இணையத்தில் போடும் இழிசொல்லும் இதில் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே இழிவான பதிவைக் கண்டால் பகிர வேண்டாம். பகிர்ந்தால் அவன் வேலையை நாமே செய்து கொடுக்கிறோம். திரையைப் படமெடுங்கள். இணைப்பு முகவரி, கணக்கின் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. அதன் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். வன்கொடுமைக்கான தேசிய உதவி எண் 14566. நம் பெண்பிள்ளைகளின் படத்தை யாராவது திரித்துப் போட்டால் இணையக் குற்றத்துக்கான எண் 1930. பிள்ளையைத் திட்டி போனைப் பிடுங்குவதற்கு முன் பெற்றோர் இந்த எண்ணை அழைக்க வேண்டும். குற்றம் செய்தவன் வேறு ஒருவன்.

இனி நேரக் கணக்கு. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தால் ஆண்டுக்கு 1,095 மணி. இரவு பகல் சேர்த்து 45 முழு நாட்கள். நம் அப்பன் ஆத்தாள் பண்ணையில் கூலியில்லாமல் உழைத்ததை வெட்டி வேலை என்றோம். அந்த 45 நாளில் நாம் பார்க்கும் விளம்பரத்துக்குக் காசு வாங்குகிறவன் எங்கோ இருக்கிறான். நமக்குக் கூலி கிடையாது. இதுவும் வெட்டி வேலைதான், குனிந்த தலை மட்டும் அப்படியே இருக்கிறது.

1936இல் லாகூரில் அண்ணல் பேச இருந்த உரையைப் படித்துப் பயந்து, கூட்டம் நடத்தவிருந்தவர்கள் மாநாட்டையே ரத்து செய்தார்கள். அவர் அந்த உரையைத் தன் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சடித்தார். அதுதான் 'சாதியை அழித்தொழித்தல்'. மேடை போனாலும் சொல்ல வேண்டியது அவரிடம் ஆயத்தமாக இருந்தது, ஏனென்றால் அதற்கு முன் அவர் படித்திருந்தார். நமக்கு இன்று மேடை இருக்கிறது. அதில் ஏறிச் சொல்ல என்ன படித்திருக்கிறோம்? அவருடைய ஆங்கிலத் தொகுதிகள் வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. கல்வி உதவித்தொகை அறிவிப்பும், தாட்கோ பயிற்சி அறிவிப்பும், தேர்வாணைய அறிவிப்பும் அதே கைபேசியில்தான் வருகின்றன. அண்ணல் படத்தை முகப்பில் வைத்திருக்கும் தம்பி, அவர் எழுதியதில் நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் படித்தால் அந்தப் படம் சும்மா இருக்காது.

அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். போனைப் பிடுங்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு அதை வாங்கி அடுப்படி மாடத்தில் வையுங்கள். காலையில் கொடுக்கும்போது, "நேத்து இதுல என்னப்பா செஞ்ச?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு விண்ணப்பம் போட்டேன், ஒரு பாடம் படித்தேன், ஒரு அநியாயத்தை எழுதினேன் என்று வாரத்தில் நான்கு நாள் அவன் சொன்னால் நீங்கள் களையெடுத்த காசு வீணாகவில்லை. சொல்ல ஒன்றுமில்லாமல் நின்றால் படிப்பகத்துக்கு அனுப்பி வையுங்கள். ஆறு மணிக்குத் திறந்திருக்கும்.