மாஞ்சோலைக்கு ஒரு சோலைமந்திச் சின்னம்
சிங்கம்பட்டி அரண்மனையில் ஜமீன் காலப் பொருள்களைக் காட்டும் சிறு அருங்காட்சியகம் உண்டு. அந்த ஜமீன் 1929-இல் பம்பாய் பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மாஞ்சோலை மலைக்கும் அப்படியொன்று அவசியம். அதன் சின்னமாகச் சோலைமந்தியே பொருந்தும், புலி அன்று. இம்மலையைச் சூழ்ந்த காடுகளில் முண்டந்துறை 1962-இல் புலிக்கான சரணாலயமானது; களக்காடு 1976-இல் இந்தச் சிங்கவால் குரங்குக்காக. 1988-இல் இரண்டும் ஒரே காப்பகமானபோது பெயரில் புலி மட்டுமே நின்றது. மரத்தைவிட்டு அதிகம் இறங்காத மந்திக்குத் தொடர்ச்சியான சோலை வேண்டும். அந்தச் சோலையை வெட்டித்தான் தேயிலை வந்தது. காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களின் கூடைகளும், அவர்களுக்குக் கூலி கேட்டு நெல்லையில் ஊர்வலம் சென்று 1999 ஜூலை 23-இல் தாமிரபரணியில் மாண்ட 17 பேரின் நினைவும் அங்கே முதல் அறையிலேயே இடம்பெற வேண்டும்.