மூக்கு உடைஞ்சா மதிப்பும் உடைஞ்சிடுமா?



சம்மணம் போட்டு, மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் பழைய சிலையைப் பார்த்தால் நம்மில் பல பேர் உடனே ‘புத்தர்’னு சொல்லிடுறோம். அது தேய்ஞ்சு போயிருந்தால், ‘மூக்கே இல்லாத சிலைக்கு என்னப்பா மதிப்பு?’ என்கிறோம். இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

முதலில் பெயரைப் பார்ப்போம். செஞ்சிக்குப் பக்கத்திலேயே சிறுகடம்பூரில் திருநாதர்குன்று இருக்கிறது. அங்கே பாறையில் இரண்டு வரிசையாக 24 உருவங்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் புத்தர் மாதிரியே தெரியும். ஆனால் அவர்கள் சமணத் தீர்த்தங்கரர்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டும் அதே குன்றில் உண்டு. மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றும் இருக்கிறது. தமிழ்ச் சமணர்கள் நம்ம பக்கத்து ஊர்க்காரங்கதான். அவங்க கும்பிடுற தெய்வத்துக்கு நாம வேற பேர் வைக்கலாமா?

அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது? சுருள்முடியும் நீண்ட காதும் இரண்டு பேருக்குமே உண்டு. அதை மட்டும் நம்பக் கூடாது.

1. புத்தருக்கு ஆடை உண்டு. இடது தோளில் இருந்து மார்பின் குறுக்கே மெல்லிய கோடாகத் தெரியும். நம்ம பக்கத் தீர்த்தங்கரர் சிலைகளில் ஆடை இருக்காது.

2. புத்தரின் உச்சந்தலையில் ஒரு மேடு இருக்கும். தமிழ்நாட்டில் அது பல சிலைகளில் தீச்சுடர் மாதிரி இருக்கும்.

3. தீர்த்தங்கரருக்குத் தலைக்கு மேல் பெரும்பாலும் முக்குடை இருக்கும்.

வெயிலும் மழையும் பட்டால் கருங்கல்லும் தேயும். துருத்திக்கொண்டிருக்கும் மூக்கும் விரலும் முதலில் போகும். ஆடைக் கோடும் மங்கிவிடும். அதனால் உச்சி வெயிலில் பார்க்காமல், காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழும்போது பாருங்கள். மங்கிய கோடும் தெரியும்.

சேலம் பெரியேரியில் ‘தலைவெட்டி முனியப்பன்’ என்று மக்கள் கும்பிட்ட சிலையின் கதையைக் கேளுங்கள். தலை தனியாக உடைந்து, சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டப்பட்டது. நெற்றிக் குறியும் தெரியவில்லை. ஆனாலும் தாமரைப் பீடம், மடியில் வைத்த கை, மேலாடை, சுருள்முடி, உச்சி மேடு, நீண்ட காது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத் தொல்லியல் துறையினர் ‘இது புத்தர்’ என்று அறிக்கை கொடுத்தார்கள். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுத் தீர்ப்பு சொன்னது. முனியப்பனாகக் கும்பிட்டவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அவங்க பக்தியும் உண்மைதான். ஆனால் உடைந்த கல்லிலும் சாட்சி மிச்சம் இருக்கும் என்பதை அந்தச் சிலை காட்டிவிட்டது.

அந்தச் சாட்சியை அழிப்பது மழையை விட நாமதான்! சுத்தம் பண்றேன்னு கம்பி பிரஷால் தேய்ப்பது, பெயிண்ட் அடிப்பது, சிமெண்டில் புது மூக்கு வைப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். மழை நூறு வருஷத்தில் செய்வதைக் கம்பி பிரஷ் ஒரு மணி நேரத்தில் செய்துவிடும். 100 வருடத்துக்கு மேல் பழைய சிலைக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப் பாதுகாப்பும் உண்டு.

எங்காவது பழைய சிலையைப் பார்த்தால் இடத்தை விட்டு நகர்த்தாதீர்கள். படம் வரையுங்கள், அளவு எடுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தகவல் கொடுக்கலாம்.

2025-இல் நம்ம செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ரொம்பப் பெருமை! ஆனால் வரப்பு ஓரத்தில் கிடக்கிற மூக்கில்லாத கல்லுக்கு டிக்கெட்டும் இல்லை, காவலாளியும் இல்லை. அதுக்கு நாமதான் இருக்கோம்.

பார்ப்போம்! பெயரைப் பிறகு சொல்வோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி, அனந்தபுரம்