மூன்று மணி நேரத் தத்துவம்

போன மாதம் என் தங்கையின் பேத்தி ஓரிக்கைக்கு வந்திருந்தாள். விலங்கியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறாள். பட்டுப்புழுவுக்கு வரும் நோய்தான் அவள் ஆராய்ச்சி. தறிச் சத்தத்தில் வாழ்கிற ஊர்க்காரன், சும்மா இருக்க முடியுமா? "பாஸ்டர் இந்த நோயில் முதலில் எங்கே தப்புப் பண்ணினார், சொல்லு பார்க்கலாம்" என்றேன்.

"பாஸ்டர் தப்புப் பண்ணினாரா? அதெல்லாம் எங்களுக்குச் சொல்லித்தரலை, தாத்தா."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் அல்ல.

1865-ல் பிரான்சின் தென்பகுதியில் பட்டுப்புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. உடம்பில் மிளகுப் பொடி தூவினாற்போல் புள்ளி விழும். பெப்ரின் என்று பெயர். அதை ஆராய அலெஸ் என்ற ஊருக்குப் போன லூயி பாஸ்டர் ஒரு ரசாயனக்காரர். பட்டுப்புழுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. நோயுற்ற புழுவில் நுண்ணிய துகள்களைப் பார்த்தார். அவை நோயால் உண்டானவை, நோய்க்குக் காரணம் அல்ல என்று முடிவு கட்டினார். ஒட்டுண்ணி என்று அப்போதே சொன்னவர்களை அவர் ஏற்கவில்லை. சுமார் இரண்டு வருஷம் கழித்துத்தான் அந்தத் துகள்களே நோயைப் பரப்புகின்றன என்று ஒப்புக்கொண்டார். பெப்ரினோடு இன்னொரு நோயும் கலந்திருந்தது என்பதும் பிறகே புரிந்தது.

முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார், துகள் இருந்தால் முட்டையை அழித்துவிடு என்று அவர் வகுத்த முறைதான் இன்றும் நம் நாட்டில் முட்டை தயாரிக்கும் நிலையங்களில் நடக்கிறது. நம் ஊர்த் தறிக்கு நூல் வருவதற்குப் பின்னால் அந்தத் திருத்தம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு முறையை மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம், திருத்தத்தை மறைத்துவிடுகிறோம்.

நான் முப்பத்து நாலு வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன். கடைசி ஆணையை மட்டும் படித்துவிட்டு, குறிப்புக் கோப்பைப் புரட்டாத குமாஸ்தா பழைய தப்பையே திரும்பச் செய்வான். பாடப்புத்தகம் என்பது ஆணை. அறிவியலின் வரலாறுதான் குறிப்புக் கோப்பு.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2019-ல் பல்கலைக்கழக மானியக் குழு, முனைவர் பட்டத்துக்குச் சேரும் எல்லோருக்கும் ஆராய்ச்சி, வெளியீட்டு அறம் பற்றிய ஒரு பாடத்தைக் கட்டாயமாக்கியது. மொத்தம் 30 மணி நேரம். அதில் தத்துவத்துக்கும் அறவியலுக்கும் சேர்த்து 3 மணி. தரவுத்தளத்துக்கும், கட்டுரையின் மதிப்பை எண்ணால் அளப்பதற்கும் 7 மணி. எண்ணுவதற்கு ஏழு, எண்ணிப் பார்ப்பதற்கு மூன்று!

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியின் கடைசி வருஷத்தில் விஞ்ஞானம் எடுத்தவனுக்கும் தத்துவ வகுப்பு உண்டு. பாஸ்டர் அலெஸுக்குப் போன அதே 1865-ல் வெளிவந்த குளோத் பெர்னாரின் நூலிலிருந்து பகுதிகளை வாசித்தோம். இரண்டு விஷயங்கள் சேர்ந்தே இருந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகுமா என்று வாத்தியார் எங்களைக் குடைந்தெடுப்பார். நான் விஞ்ஞானி ஆகவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

"இதற்கெல்லாம் நேரம் ஏது சார், ஆய்வேடு முடிக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். காரணமா, விளைவா என்ற ஒரே கேள்வியில் பாஸ்டருக்கே இரண்டு வருஷம் போயிற்று. அதைக் கேட்கவே பழகாத பிள்ளைக்கு எத்தனை வருஷம் போகும்?

இத்தாலியில் இஸ்கியா தீவில் உயிரியல் வரலாற்றுக்கென்றே ஒரு வாரக் கோடைப் பள்ளி நடத்துகிறார்கள். பெங்களூரில் தேசிய உயிரி அறிவியல் மையம் 2019-ல் ஓர் ஆவணக் காப்பகமே திறந்திருக்கிறது. நமக்கு மட்டும் என்ன குறை? மணிமேகலைக்கு அறவண அடிகள் தர்க்கம் சொல்லிக்கொடுத்தது இந்தக் காஞ்சியில்தான். எந்த ஏது சரி, எது போலி என்று வகைப்படுத்திய ஊர் இது.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. நம் கல்லூரி ஒன்றில் வருஷத்துக்கு ஒரு வாரம். உயிரியல் ஆராய்ச்சி மாணவர்கள் இருபது பேர். ஓர் உயிரியல்காரர், ஒரு வரலாற்றுக்காரர், ஒரு தத்துவக்காரர் ஒரே மேசையில். ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையை எடுத்து, இவர் ஏன் அப்படி நினைத்தார், எதைக் கண்டு மாற்றிக்கொண்டார் என்று வரி வரியாகப் பிரிக்கட்டும். ஒரு நாள் பட்டுப்புழு முட்டை நிலையத்துக்குப் போய் நுண்ணோக்கியில் அந்தத் துகளைப் பார்த்துவிட்டு வரட்டும். சான்றிதழ் கூட வேண்டாம்.

பெருமாள் ஓரிரவு தங்கியதால் 'ஓரிரவிருக்கை', அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். ஓர் இரவுக்கு ஊர்ப் பெயரே கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கொடுக்கக் கூடாதா?