பச்சை விளக்கும் காணாமற்போன கதைகளும்

சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவரே என்பது கணினிக்குத் தெரியாது. எங்கள் சிற்றிதழ் அட்டவணைச் செயலியில் இருவரும் தனித்தனி ஆசிரியர்களாக நின்றார்கள். இரட்டிப்பைக் களைவதாக எண்ணி முதற்பெயரை நீக்கினோம். அதனோடு பிணைந்திருந்த கதைக் குறிப்புகளும் உடன் போயின. அன்று காலையில்தான் சோதனைகள் யாவும் பச்சை காட்டியிருந்தன.

ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்ட செயலி அது. ஆசிரியருக்குப் படைப்புகள் பல ('ஹேஸ் மெனி'), படைப்பு ஆசிரியருக்குரியது ('பிலாங்ஸ் டு') என மாடல்களில் இரு வரிகள். முதல் வரியின் வாலில் 'டிபென்டன்ட் டிஸ்ட்ராய்': ஆசிரியர் பதிவு அழிந்தால் படைப்புகளும் அழிக. 'ஷூடா மேட்ச்சர்ஸ்' துணையோடு நாங்கள் எழுதிய அலகுச் சோதனை, அவ்வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. இருந்தது, தேர்ச்சி. மூலப்படியிலேயே பிழையிருக்க, அச்சு அதனோடு ஒத்துப்போகிறது என்று மெய்ப்புத் திருத்துபவர் நிறைவடைவதைப் போன்றதுதான்.

இத்தகைய சோதனைகளே வீண், ரெயில்ஸைச் சோதிப்பது நம் வேலையன்று என்போர் உண்டு. முழுக்க உடன்பட இயலவில்லை. தரவுதளத்தில் ஆசிரியர் எண்ணுக்கான புலம் விடுபட்டிருந்தால் அந்த ஒற்றை வரியே காட்டிக்கொடுக்கும். ஆனால் அது உறவின் பெயரைத்தான் சோதிக்கிறது, நடத்தையை அன்று. ஓர் ஆசிரியரையும் இரு கதைகளையும் உருவாக்கி, ஆசிரியரை அழிக்க முயன்று, மிஞ்சியவற்றை எண்ணிப் பார்ப்பதே சோதனை. அதை எழுத உட்கார்ந்தால் எத்தனை மிஞ்ச வேண்டும் என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். அட்டவணைக்காரரைக் கேட்காமல் நிரலர் அதற்கு விடை சொல்ல முடியாது, நாங்கள் கேட்கவேயில்லை.

இப்போது 'ரெஸ்ட்ரிக்ட் வித் எரர்' என மாற்றியிருக்கிறோம். படைப்புள்ள ஆசிரியரை 'டிஸ்ட்ராய்' தொடாது. 'டெலீட்' இக்காவலைத் தாண்டிச் செல்லும் என்பதால் தரவுதளத்திலும் அயல்திறவுக் கட்டுப்பாடு இட்டோம்.

இன்னொன்று. 2016இல் வந்த ரெயில்ஸ் 5 முதல், புதிய செயலிகளில், உரியவர் இல்லாத 'பிலாங்ஸ் டு' பதிவு இயல்பாகவே செல்லாது. நல்ல விதிதான். ஆனால் பழைய இதழ்களில் பெயரிடாத கவிதைகள் எத்தனை! 'ஆப்ஷனல்' என்று விலக்களித்து, ஆசிரியரற்ற கவிதை சேமிக்கப்படுகிறதா என்றும் ஒரு சோதனை எழுதினோம்.

அழிந்த குறிப்புகளில் பெரும்பாலானவை காப்புப்படியிலிருந்து மீண்டன. மற்றவற்றுக்காக இதழ்க்கட்டுகளை மறுபடி பிரித்துத் தட்டச்சிட்டுக்கொண்டிருக்கிறோம்.