கணக்கு மகள் பெயரில். கைப்பேசி எண் யாருடையது?

பணியின் பொருட்டுப் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் புனேவுக்கும் செல்லும் தமிழ்நாட்டு இளம்பெண்களுள் பலர், அதுவரை வீட்டை விட்டுத் தனியே ஓர் இரவும் தங்கியிராதவர்கள். பள்ளிக்குத் தந்தை அழைத்துச் சென்றார். கல்லூரிப் பேருந்து தெருமுனைக்கே வந்தது. தேர்வுக் கட்டணத்தை அண்ணன் செலுத்தினார். இவ்வாறு பொத்தி வளர்க்கப்பட்ட மகள் ஒரு நாள் பெருநகரின் பிஜி விடுதியில், மூவர் பகிர்ந்துகொள்ளும் அறையில், ஒரு கட்டிலும் ஓர் அலமாரியுமாகப் புதிய வாழ்வைத் தொடங்குகிறார்.

நகரத்தை அவர் விரைவில் கற்றுக்கொள்கிறார். மெட்ரோ இரயிலில் எந்த நிலையத்தில் மாறி ஏறுவது, ஆட்டோ ஓட்டுநரிடம் எப்படிப் பேசுவது, விடுதிக்குத் தந்த முன்பணத்தை வெளியேறும்போது எப்படிக் கேட்டுப் பெறுவது என அனைத்தும் ஓராண்டுக்குள் கைவந்துவிடுகின்றன. ஆனால் பணத்தைக் கையாள்வதில் மட்டும் பலர் இன்னும் பிறந்த வீட்டின் வாசலைத் தாண்டவில்லை என்பதை வங்கியில் அமர்ந்திருக்கும் நாம் காண்கிறோம்.

கணக்கு மகளின் பெயரில் இருக்கிறது. அதனுடன் இணைந்த கைப்பேசி எண்ணோ தந்தையுடையது. கல்லூரி நாள்களில் உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கில் கொடுத்த எண், ஊதியம் வரத் தொடங்கிய பின்னும் அப்படியே நீடிக்கிறது. மகள் பெங்களூரில் ஒரு பொருள் வாங்கினால் ஓ.டி.பி. ஊருக்குச் செல்கிறது; அவர் அழைத்துக் கேட்க, தந்தை வாசித்துச் சொல்கிறார். சில குடும்பங்களில் ஏ.டி.எம். அட்டையும் ஊரிலேயே தங்கிவிடுகிறது.

பெற்றோரின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. மகள் ஏமாந்துவிடக் கூடாது என்ற கவலையே அவர்களை இவ்வாறு செய்ய வைக்கிறது. எனினும், இந்த ஏற்பாடு ஏமாற்றத்தைத் தடுக்கவில்லை, அதற்கு வழி திறந்துவிடுகிறது என்பதே நம் கருத்து.

ஓ.டி.பி.யை எவரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் ஓயாமல் அறிவுறுத்துகின்றன. அதே ஓ.டி.பி.யைத் தொலைபேசியில் கேட்பதும் சொல்வதும் வீட்டுக்குள் அன்றாட வழக்கமாகிவிட்டால், நாளை வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறும் மோசடிக் குரலை மறுக்கும் பழக்கம் தந்தைக்கோ மகளுக்கோ எங்கிருந்து வரும்? 2017ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகளின்படி, வாடிக்கையாளர் தம் இரகசிய எண்ணைப் பகிர்ந்ததால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் முழு இழப்பும் அவரையே சாரும். வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாத மோசடிகளில், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்தவருக்குப் பொறுப்பு ஏதுமில்லை. அந்தத் தகவல் வேறொருவரின் கைப்பேசியில் படிக்கப்படாமல் கிடந்தால், காலக்கெடு கடந்துவிடும். இவை போக, நள்ளிரவில் மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டிய வேளையில் ஊரிலுள்ள கைப்பேசி அணைந்திருந்தால், சொந்தச் சம்பாத்தியமும் உதவாமல் போகும்.

‘விவரம் தெரியாத பெண், செலவழித்துத் தீர்த்துவிடுவாள்’ என்று சிலர் அஞ்சுவர். பத்து வயதுக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியர், வங்கி வரையறுக்கும் தொகைக்குள், சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014ஆம் ஆண்டிலேயே அனுமதித்துவிட்டது. பட்டம் பெற்று ஊதியம் ஈட்டும் இருபத்திரண்டு வயது மகளுக்கு அந்தத் தகுதி இல்லையா? முதல் சில மாதங்களில் கணக்குத் தவறி, மாதக் கடைசியில் கை வறண்டு போகலாம். அந்தப் பாடம் ஓரிரு ஆயிரம் ரூபாயோடு முடியும். முப்பத்தைந்து வயதில், வீட்டுக் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் அதே பாடத்தைக் கற்க நேர்ந்தால் விலை மிகப் பெரிதாகும்.

ஆகவே, மகளை நகரத்துக்கு வழியனுப்பும் பெற்றோர் பெட்டியில் ஊறுகாயையும் பருப்புப் பொடியையும் எடுத்து வைக்கும் முன், அவரோடு ஒருமுறை வங்கிக் கிளைக்குச் செல்லட்டும். கணக்கில் மகளின் சொந்தக் கைப்பேசி எண் பதிவாகட்டும். அட்டையின் இரகசிய எண்ணை அவரே அமைக்கட்டும். அதைப் பெற்றோரும் கேட்க வேண்டா. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் தேவையில்லை என்பதையும், மோசடி நேர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் அவர் அறிந்துகொள்ளட்டும். பெற்றோர் தம் பெயரை நியமனதாரராகப் பதிந்துகொள்ளலாம். கணக்கை இயக்கும் உரிமை அதனால் மகளிடமிருந்து நீங்காது.

சுதந்திரம் பெற்ற மகள் குடும்பத்தை மறந்துவிடுவார் என்ற அச்சம் தேவையற்றது. மாதந்தோறும் குறித்த நாளில் வீட்டுக்குப் பணம் செல்ல, நிலையான ஆணை ஒன்றை வங்கியில் கொடுத்துவைக்கும் இளம்பெண்கள் பலரை நாம் அறிவோம். வீட்டார் எடுத்துக்கொள்ளும் பணத்துக்கும், மகள் மனமுவந்து அனுப்பும் பணத்துக்கும் தொகையில் வேறுபாடு இல்லாமல் இருக்கலாம். அனுப்புகின்ற பெண் அதனால் பெறும் தன்மதிப்பில் பெரும் வேறுபாடு உண்டு. தொலைவில் தனித்து வாழும் மகளுக்கு அதுவே சிறந்த துணையாகும்.