பாத்திரத்தின் மேல் பழி

சென்ற இதழில் நண்பர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். வீட்டில் பீர் காய்ச்சுவது ஒரு கலையாம். மின்சாரப் பாத்திரம் வந்து அதைக் கொன்றுவிட்டதாம். லண்டனில் ஒன்பது வருஷமாக அந்தக் கொலைக் கருவியோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். எனக்கும் சொல்ல இருக்கிறது.

அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை நண்பர் பார்த்ததாகத் தெரியவில்லை. 30 லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் உருளை. அடியில் ஹீட்டர் காயில், பக்கத்தில் ஒரு சின்னப் பம்பு, உள்ளே துளையிட்ட கூடை. முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, கூடையில் கொட்டி 66 டிகிரி செல்ஷியஸ் என்று பொத்தானை அழுத்தினால் ஒரு மணி நேரம் அந்தச் சூட்டைக் காக்கிறது. பம்பு நீரை மேலே ஏற்றி மால்ட்டின் ஊடே திரும்பத் திரும்ப வடியவிடுகிறது. அதற்குள் மால்ட்டிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. 63 என்று வைத்தால் பீர் மெலிந்து வரும். 69 என்றால் கனக்கும், கொஞ்சம் இனிப்பு தங்கும். எந்த எண்ணை அழுத்துவது என்று பாத்திரம் சொல்வதில்லை. பிறகு கூடையைத் தூக்கிவிட்டு, கசப்புக்கு ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரக் கொதி. ஆறவைத்து வேறு வாளிக்கு மாற்றி ஈஸ்ட்டைச் சேர்த்ததும் பாத்திரத்தின் வேலை தீர்ந்தது. பீர் என்பதே அதற்குப் பிறகுதான்.

நண்பர் இதைத் தவறவிட்டதில் ஆச்சரியமில்லை. 1516இன் பவேரியச் சட்டமும் தவறவிட்டது. பீருக்குள் பார்லி, ஹாப்ஸ், நீர் தவிர எதுவும் போகக்கூடாது என்றது. ஈஸ்ட்டின் பெயரே அதில் இல்லை. 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்தியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். அந்த ஞானத்துக்காக மேற்கு நார்வேயின் குடியானவர்கள் காத்திருக்கவில்லை. மர வளையத்தில் ஈஸ்ட்டைக் காயவைத்து, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தார்கள். கலை என்று ஒன்று இருந்திருந்தால் அது அந்த வளையத்தில் இருந்தது. துழாவித் துழாவி நொந்த தோளில் இல்லை.

அந்தத் தோள் யாருடையது என்றும் கேட்க வேண்டும். 14ஆம் நூற்றாண்டுக்கு முந்திய இங்கிலாந்தில் ஏல் காய்ச்சியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கிரைண்டர் வந்தது, ஆட்டுக்கல் போயிற்று, அதோடு இட்லியும் போயிற்று என்று நம் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து அங்கலாய்த்தவர்கள் ஒரு நாளாவது குழவியைப் பிடித்தவர்கள் இல்லை. மாவு பொங்குவது ராத்திரியில், யாரும் தொடாமல்.

பாத்திரத்தைப் புகழும் கட்சியோடும் எனக்கு உறவில்லை. செல்போனிலிருந்து செய்முறையைப் பாத்திரத்துக்கு இறக்கிவிட்டுத் தன்னைப் படைப்பாளி என்று சொல்லிக்கொள்கிற கூட்டம் அது. ருசி பார்க்கிற நாக்கு இல்லாதவனுக்குப் பொத்தானும் ஒன்றுதான், விறகும் ஒன்றுதான்.

போன குளிர்காலத்தில் வாளியின் குழாயைக் கழற்றிக் கழுவாமல் விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் காடி நெடி. தெரிந்தும், வந்த ஆறு நண்பர்களுக்கும் ஊற்றிக் கொடுத்தேன். வித்தியாசமாக இருக்கிறது என்றார் ஒருவர். துணிச்சலான முயற்சி என்றார் இன்னொருவர். மூன்றாமவர், சம்பிரதாயத்தை மீறியிருக்கிறாய் என்றார். நம் பத்திரிகைகளில் மதிப்புரை எழுதுகிறவர் அவர். பக்கத்து வீட்டுக் கிழவர் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸைச் சத்தமில்லாமல் மேஜைமேல் வைத்துவிட்டு, குழாயைக் கழுவினாயா என்று கேட்டார்.

இருபது லிட்டரையும் தொட்டியில் கொட்டினேன். மூன்றாமவர் தடுத்தார்.

இப்போது படிக்கட்டுக்கு அடியில் அடுத்த வாளி குமிழியிட்டுக்கொண்டிருக்கிறது. கட்டுரை எழுதிய நண்பர் இந்தப் பக்கம் வந்தால் ஒரு கிளாஸ் தருகிறேன். குடித்துவிட்டு எழுதட்டும்.