‘ஸ்ட்ரைக்’ என்ற சொல்

ஆங்கிலப் பாடத்தில் ‘ஸ்ட்ரைக்’ என்றால் வேலைநிறுத்தம் என்று எழுதி உருப்போட்டோம். மதிப்பெண்ணுக்கு அது போதும், எனக்குப் போதவில்லை. விசைத்தறிகள் நின்று சாமளாபுரமே ஓசையற்றுக் கிடந்த நாள்களை நாம் அறிவோம். அச்சொல் பிறந்ததும் அப்படி ஒரு நாளில்தான். 1768இல் லண்டனில் கூலி உயர்வு கேட்ட மாலுமிகள் கப்பற்பாய்களை இறக்கிவிட்டார்கள். பாயை இறக்குவதற்குக் கப்பல்காரர் வழங்கிய சொல்லே ஸ்ட்ரைக்! ‘பாய்காட்’டோ ஒருவருடைய பெயர், 1880இல் அயர்லாந்துக் குடியானவர்கள் ஒதுக்கிவைத்த பண்ணை நிர்வாகி அவர். இக்கதைகளையும் வகுப்பில் சொல்லித்தர வேண்டும் என்பேன்.

தோழியரே, வீட்டிலும் கேளுங்கள். 1984இல் திருப்பூர் பனியன் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். எங்கள் அமுச்சியும் அவர்களில் ஒருவர். அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. அந்த நாள்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்டால், ஒரு மாலை முழுதும் சொல்வார்.